சிங்கப்பூரிலிருந்து நாகைக்கு 5 மீட்டர் படகில் தனியாக: முடியுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 34. ஜூரோங்கில் வேலை. மூன்று ஆண்டாக ஈஸ்ட் கோஸ்ட்டில் பாய்மரப் படகு ஓட்டுகிறார். சின்ன அறை வைத்த 5 மீட்டர் பிளைவுட் படகு ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறதாம். அதில் தனியாகப் புறப்பட்டு, அப்பா பிறந்த நாகப்பட்டினத்தில் போய் இறங்க ஆசை. "முடியுமா, இல்லை பைத்தியக்காரத்தனமா? அபிலாஷ் டோமி உலகத்தையே சுற்றி வந்தாரே" என்று கேட்டிருக்கிறார்.

முடியும், தம்பி. ஆனால் சிங்கப்பூரிலிருந்து புறப்படாதீர்கள். நாகப்பட்டினத்தில் போய் இறங்கவும் வேண்டாம். நடுவில் கிடக்கும் கடலை மட்டும் உங்கள் படகில் தாண்டுங்கள். கிண்டல் செய்யவில்லை, காரணம் சொல்கிறேன்.

நான் 17 ஆண்டு சரக்குக் கப்பல்களில் இருந்தவன். கடைசி ஆறு ஆண்டு செகண்ட் மேட். நள்ளிரவு 12 மணியிலிருந்து 4 மணி வரை, கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் கண்விழித்து நிற்கிற ஆள் அவன்தான். கரையேறிய பிறகு நண்பர் ஒருவரும் நானும் பங்கு போட்டு 5.4 மீட்டர் படகு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் தனியாக மலேசியாவின் தியோமான் தீவுக்குப் பலமுறை போயிருக்கிறேன், லங்காவியிலிருந்து சுமத்ராவின் வட முனைக்கு அருகிலுள்ள சபாங்குக்கு ஒருமுறை. வங்காள விரிகுடாவைக் கப்பலில்தான் கடந்திருக்கிறேனே தவிர சின்னப் படகில் கடந்ததில்லை. அந்தப் பகுதியைப் பற்றி நான் சொல்வதைக் கப்பல்காரன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அபிலாஷ் டோமியை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். 2012-13ல் அந்த இந்தியக் கடற்படை அதிகாரி எங்கும் நிற்காமல் சுற்றி வந்த 'மாதேய்' 56 அடிப் படகு. 2018ல் கோல்டன் குளோப் என்ற ஒற்றையாள் உலகப் பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்து, பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டதே, அந்தத் 'துரியா'கூட 32 அடி. எழுந்து வந்து 2023ல் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்த மனிதரைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் உங்கள் படகு 16 அடி. அவருக்கு இருந்த பிரச்சினைகள் வேறு, உங்களுக்கு இருக்கப்போவது வேறு.

உங்களுக்கு முன்னோடிகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 1962ல் கெனிச்சி ஹோரியே என்ற ஜப்பானிய இளைஞர் 5.8 மீட்டர் பிளைவுட் படகில் நிஷினோமியாவிலிருந்து 94 நாளில் சான் பிரான்சிஸ்கோ போனார், பாஸ்போர்ட்கூட இல்லாமல். அதே மனிதர் 2022ல், 83 வயதில், கிட்டத்தட்ட அதே அளவுப் படகில் அதே கடலை எதிர்த்திசையில் 69 நாளில் தாண்டினார். 1965ல் ராபர்ட் மேன்ரி என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 4.1 மீட்டர் படகில் அட்லாண்டிக்கை 78 நாளில் கடந்தார். செர்ஜ் டெஸ்டா பிரிஸ்பேனிலிருந்து கிளம்பி 1984க்கும் 1987க்கும் இடையில் உலகத்தையே சுற்றி வந்த அலுமினியப் படகின் நீளம் 3.6 மீட்டர், அவ்வளவுதான்.

இன்னும் கீழே போகலாம். ஹியூகோ விலன் 1968ல் காசாபிளாங்காவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்த படகு 1.8 மீட்டர். ஈஸ்ட் கோஸ்ட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிற ஆப்டிமிஸ்ட் படகைத் தினமும் பார்க்கிறீர்களே, அதுவே சுமார் 2.3 மீட்டர். அதைவிடச் சின்னதில் ஒரு மனிதர் அட்லாண்டிக்கைத் தாண்டினார். 1993ல் 1.62 மீட்டர் படகில் மறுபடியும் தாண்டினார், 105 நாள். 2023ல் ஒருவர் ஒரு மீட்டர் படகோடு நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கினார். தண்ணீர் புகுந்ததால் திரும்பி வந்து, கரைக்குத் தூக்கும்போது படகு கீழே விழுந்து உடைந்தது. என் கணக்கில் 3 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதற்குப் பெயர் படகோட்டுதல் இல்லை. ஒரு டப்பாவுக்குள் உட்கார்ந்து நீரோட்டத்துக்குக் காத்திருப்பது. சாதனைப் புத்தகத்துக்காகச் செய்கிறார்கள், செய்யட்டும்.

5 மீட்டர் அப்படியில்லை. அது உண்மையாகவே ஓடும். நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 1.34ஆல் பெருக்கினால் அந்தப் படகின் உச்ச வேகம் 'நாட்' கணக்கில் வரும், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். உங்கள் படகுக்கு 5 நாட் சொச்சம். சாமான் ஏற்றி, காற்று விட்டுவிட்டு வீசி, நீங்கள் தூங்கி எழுந்து, எல்லாம் போக நாளுக்கு 60 முதல் 70 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அலையில் சின்னப் படகு நொறுங்கிவிடும் என்பது கரையில் இருப்பவர்களின் பயம். தேங்காய் நெற்று நொறுங்குவதில்லை. எடை குறைவு என்பதால் கயிற்றிலும் பாயிலும் இழுவை குறைவு, எல்லாவற்றையும் ஒரு கையால் அடக்கலாம். ஆபத்து உடைந்து விழுகிற அலையில்தான். அதன் உயரம் படகின் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்து பக்கவாட்டில் வாங்கினால் கவிழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கவிழுமா என்று கேட்பதில் பொருளில்லை. கவிழ்ந்தால் தானாக நிமிருமா, தண்ணீர் நிறைந்தாலும் மிதக்குமா, கதவை உள்ளேயிருந்து இறுக்கிச் சாத்த முடியுமா? இந்த மூன்றுக்கும் "ஆமாம்" வராவிட்டால் அந்தப் படகை வாங்காதீர்கள்.

நிமிருமா என்பதை விற்பவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது, இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அமைதியான தண்ணீரில் படகை நிறுத்தி, பாயை ஏற்றும் கயிற்றில் இன்னொரு கயிற்றைக் கட்டி, பாய்மரத்தின் நுனி தண்ணீரைத் தொடும்வரை சாய்த்துப் பிடித்துவிட்டு விடுங்கள். நாங்கள் செய்தபோது படகு சட்டென்று எழுந்துவிட்டது. கைதட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தோம். 12 வோல்ட் பேட்டரி பெட்டியை உடைத்துக்கொண்டு எதிர்ப்பக்க அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அரிசி டப்பா திறந்து, பம்பின் வாய் முழுக்க அரிசி. படகு பிழைத்திருக்கும், நடுவில் படுத்திருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து எங்கள் படகில் பட்டையில்லாமல் ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது.

இனி உண்மையான விஷயம்: தூக்கம்.

தனியாகப் போகிறவனைப் பெரும்பாலும் புயல் கொல்வதில்லை. அவன் தூங்கும்போது எது வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடல்வழி மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் காக்க வேண்டும் என்கிறது. ஒற்றையாள் படகு அதை ஒவ்வொரு நாளும் மீறுகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் தனிப்பயணம் என்றதும் முகத்தைச் சுளிப்பது இதனால்தான், அவர்களைக் குறைசொல்ல முடியாது.

நான் நின்ற இடத்திலிருந்து உங்களைப் பார்க்கிறேன், கேளுங்கள். 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் பாய்மர உச்சி விளக்கு 6 கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. 18 நாட் வேகத்தில் வரும் கன்டெய்னர் கப்பல் அந்த 6 மைலை 20 நிமிடத்தில் தின்றுவிடும். தனிப்பயணிகள் எல்லாரும் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கோழித்தூக்கம் போடுவது இந்தக் கணக்கில்தான். எதிர்ப்பக்கம் என்ன கணக்கு? 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பச்சை, சிவப்பு விளக்குகள் 1 மைல் தெரிந்தால் போதும் என்கிறது அதே விதிப் புத்தகம். அதாவது நீங்கள் என் கண்ணில் பட்ட பிறகு எனக்கு மிச்சமிருப்பது 3 நிமிடம் 20 விநாடி. அதில் பைனாகுலரை எடுத்து, இது மீன்பிடிப் படகா மிதவையா என்று பார்த்து, மாலுமியை எழுப்பிச் சுக்கானைத் திருப்பச் சொல்லி, 300 மீட்டர் இரும்பு திரும்ப வேண்டும். இன்னும் கிட்டே வந்துவிட்டால் நிலைமை மோசம். கன்டெய்னர் அடுக்கிய கப்பலில் முன்முனையான அணியத்துக்கு முன்னால் சில நூறு மீட்டர் கடல் பிரிட்ஜிலிருந்து தெரியவே தெரியாது. ரேடாரில் பிளைவுட் படகு அலைகளின் பொட்டுகளோடு பொட்டாகக் கரைந்துவிடும்.

ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் போடுங்கள். சின்னப் படகுகளின் பி வகைக் கருவி 2 வாட்டில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் இருக்குமிடத்தையும் திசையையும் கப்பல்களுக்குச் சொல்லும். திறந்த கடலில் அது பெரிய காவல். நெரிசலான இடத்தில் திரையில் நூறு முக்கோணம் குவிந்ததும் சில அதிகாரிகள் பி வகையை மறைத்துவிடுவதுண்டு. நானும் மறைத்திருக்கிறேன்.

என் கதை ஒன்று. தியோமானிலிருந்து திரும்பும்போது, அவுர் தீவைத் தாண்டி, இரண்டாம் இரவு. எங்களிடம் அப்போது ஏஐஎஸ் கிடையாது. சமையலறை டைமரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 20 நிமிடம் 20 நிமிடமாகத் தூங்கினேன். வியர்வையில் நனைந்த பனியனுக்குள் டைமர் புதைந்து, அது கத்தியது எனக்குக் கேட்கவில்லை. என்னை எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் நின்றது. ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்த பாய் திடீரென்று தொங்கிப்போய், படகு நிமிர்ந்து நின்றது. காற்று விழுந்துவிட்டதென்று வெளியே தலையை நீட்டினேன். காற்று விழவில்லை. அதை மறைத்துக்கொண்டு ஒரு கப்பலின் பக்கச்சுவர் போய்க்கொண்டிருந்தது, ஜன்னல் இல்லாத ஒரு வீவக அடுக்குமாடி பிளாக்கைப் படுக்கவைத்த மாதிரி. எண்ணெய் வாடை, அடிவயிற்றில் எஞ்சின் அதிர்வு. அது தாண்டியதும் காற்று திரும்ப வந்து பாயை அறைந்தது. அந்தக் கப்பலில் யாருக்கும் நான் இருந்தது தெரிந்திருக்காது. நேரம் பார்த்தேன், 52 நிமிடம் தூங்கியிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா, ஏன் சிங்கப்பூரிலிருந்து புறப்படாதீர்கள் என்கிறேன்? நம் துறைமுகத்தில் எந்த நேரமும் ஏறத்தாழ ஆயிரம் கப்பல்கள் நிற்கின்றன. நீரிணையில் போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம். குறுக்கே போனால் செங்குத்தாகத் தாண்ட வேண்டும், பாய்மரப் படகும் 20 மீட்டருக்குக் குறைந்த படகும் தடத்தில் போகும் கப்பலுக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்பது பத்தாவது விதி. பாய்மரத்துக்கு எஞ்சின் வழிவிடும் என்று வகுப்பில் படித்தது இங்கே செல்லாது. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் மலாக்கா நீரிணை. ஆண்டுக்கு 80,000க்கு மேல் கப்பல்கள். கப்பல் தடத்தை விட்டுக் கரையோரம் ஒதுங்கினால் வலைகள். மூங்கில் கழியில் கறுப்புக் கொடி, விளக்கு இருந்தால் இருக்கும். இரண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கும் வலைக்கு நடுவில் நுழைந்துவிட்டால் வாங்கும் வசவு மூன்று மொழியில் வரும். பாதி நாள் காற்றே இருக்காது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னால் சுமத்ரா சூறை, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில். மேற்கே வானத்தின் அடியில் மை பூசியது போல ஒரு பட்டை, கன்னத்தில் ஒரு குளிர்ந்த மூச்சு, அதற்கப்புறம் உங்களுக்குப் பத்து நிமிடம். எல்லாப் பாயையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இறக்கியிருக்க வேண்டும்.

சபாங் வரை ஏறக்குறைய 600 கடல் மைல், உங்கள் வேகத்துக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஓடிக்கொண்டே 20 நிமிடம் தூங்கக்கூடிய இடம் ஒன்றுகூடக் கிடையாது. பகலில் ஓடி இரவில் நங்கூரம் போட்டுக் கரையோரமாகப் போகலாம். ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932ல் உல்ம் நகரில் டானியூப் ஆற்றில் மடக்குக் கயாக்கை இறக்கி, இலங்கை, இந்தியக் கிழக்குக் கரை, பர்மா, மலாயா வழியாக, நீங்கள் போக நினைக்கும் பாதைக்கு நேர் எதிராக வந்தார். அவர் செய்தது அதுதான், இரவில் பெரும்பாலும் கரை. ஆஸ்திரேலியாவின் சாய்பாய் தீவைத் தொட அவருக்கு ஏழு ஆண்டு ஆனது. தொட்டது 1939 செப்டம்பரில். போர் தொடங்கிவிட்டிருந்தது, பிடித்துச் சிறைமுகாமில் போட்டுவிட்டார்கள். உங்களுக்கு ஏழு ஆண்டு விடுப்பு கிடைக்காது.

ஆகவே படகை டிரெய்லரில் ஏற்றுங்கள். 5 மீட்டர் படகின் பெரிய வரம் அதுதான், லாரியில் போகும். கோலாப் பெர்லிஸ் வரை சாலை, அங்கிருந்து லங்காவிக்கு வண்டிகளை ஏற்றும் படகு இருக்கிறது. லங்காவியிலிருந்து சபாங் 270 கடல் மைல், நான்கு ஐந்து நாள். இது உங்களுக்கு ஒத்திகை. சபாங்கில் இறங்கி, எது உடைந்தது, எது நனைந்தது என்று பார்த்து, மனசு வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெட்கமில்லை. நான் நிறுத்தினேன்.

சபாங்குக்கு மேற்கே 900 கடல் மைல், இலங்கையின் காலி துறைமுகம். காலம் சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் ஓய்ந்து, சித்திரைப் புயல்கள் தொடங்காத இடைவெளி. வாடைக்காற்று வலப்பக்கத்திலிருந்து ஒரே சீராக வரும், நீரோட்டமும் மேற்கே தள்ளும். இது நம்மவர்களுக்குப் புதிய கணக்கில்லை. தெலுக் ஆயர் சாலையில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறதே, அன்றைக்கு அதன் வாசலில் கடல். உங்கள் அப்பா ஊர்ப்பக்கத்தார் கச்சான் என்ற மேல்காற்றில் கிழக்கே வந்தார்கள், வாடையில் வீடு திரும்பினார்கள். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டிய முதல் தலைமுறையில் அவர்கள் நிறைய.

ஒரே ஒரு எச்சரிக்கை. சபாங்குக்கு வடக்கே இருந்து இலங்கையின் தென்முனையான தெவிநுவரைக்கு நேர்கோடு போட்டால், அது மலாக்கா நீரிணையிலிருந்து சூயஸ் போகும் கப்பல்கள் எல்லாம் ஓடும் கோடு. ஏறத்தாழ 6 பாகை வட அட்சரேகை. நீங்களும் அதே கோட்டில் போனால் நீரிணையில் பட்ட பாட்டை 14 நாள் நீட்டிப் படுவீர்கள். பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையைத் தொலைவிலேயே வலப்பக்கம் விட்டுவிடுங்கள், அனுமதியில்லாமல் அந்தத் தீவுகளை நெருங்கக்கூடாது. தாண்டியதும் வடக்கே ஏறி ஏழரைப் பாகையில் மேற்கே ஓடுங்கள். அங்கே ஒரு வாரம் ஒரு கப்பலையும் பார்க்காமல் போகலாம். அங்கேதான் தூங்க வேண்டும், நிறையத் தூங்க வேண்டும். கடைசி இரண்டு நாள் கப்பல் கோட்டைத் தாண்டிக் காலிக்கு இறங்கும்போது தூக்கமே கிடையாது. அதற்கு முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது படகை யார் ஓட்டுவது என்று கேட்பீர்கள். மின்சாரத் தானோட்டி உங்கள் பேட்டரியைத் தின்றுவிடும், உப்புத் தண்ணீர் அதைத் தின்றுவிடும். காற்றுத்தகடு வைத்த கருவி நல்லது. 1960ல் அட்லாண்டிக் ஒற்றையாள் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் தன் 25 அடி 'ஜெஸ்டர்' படகில் அதைத்தான் வைத்திருந்தார். பாயும் சீன ஜங்க் பாய், அறைக்குள்ளிருந்தே சுருக்கலாம். 5 மீட்டர் படகுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. முன்பாயின் தாமானை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, காற்று வரும் பக்கமாக ஒரு கப்பியில் திருப்பிச் சுக்கான் கட்டையில் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் உண்டிவில்லுக்குக் கட்டுகிற மாதிரி இரப்பர் குழாய். படகு காற்றை நோக்கித் திரும்பினால் பாயின் இழுவை கூடும், கயிறு கட்டையைத் தன் பக்கம் இழுக்கும், படகு பழைய வழிக்கு வரும். இழுவை குறைந்தால் இரப்பர் மறுபக்கம் இழுக்கும். எத்தனை சுற்று இரப்பர் என்பது மட்டும் பழக்கத்தில் வரும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க உபின் தீவுக்கு அந்தப் பக்கம் வட்டமடித்த பிறகுதான் வந்தது. முதல் தடவை தானாக அரை மணி நேரம் ஓடியபோது ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்த டீயின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டல் பெருக்கல்தான். நம் வெயிலுக்கு நாளுக்கு 4 லிட்டர். 20 நாளுக்கு 80, அதில் பாதியைக் கூட்டினால் 120 லிட்டர். 120 கிலோ, உங்களைவிடக் கனம். ஒரே தொட்டியில் வைக்காமல் ஐந்து லிட்டர் கேன்களாகப் பிரித்து, கீழே, நடுவில் கட்டுங்கள். காலியான கேனில் கடல் தண்ணீர் நிரப்பி அதே இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் படகு நிமிரும் பலம் நாளுக்கு நாள் குறையும். கையால் அமுக்கும் உப்புநீக்கிப் பம்பு ஒன்று அவசரத்துக்கு. ஒரு மணி நேரம் அமுக்கினால் ஒரு லிட்டர்கூடத் தேறாது, ஆனால் உயிர் நிற்கும்.

சாப்பாட்டில் அரிசியை நம்பாதீர்கள், தண்ணீர் குடிக்கும். தேக்காவில் கிடைக்கும் சத்துமாவு, அவல், கடலை மிட்டாய், எலுமிச்சை ஊறுகாய். என் அம்மா செய்யும் பொரிவிளங்காய் கடலுக்கென்றே செய்தது போல இருக்கும். தண்ணீர் பட்டால் கரையாது, மாதக்கணக்கில் கெடாது, ஒன்றைக் கடித்து முடிப்பதற்குள் ஒரு காவல் முறையே ஓடிவிடும். பல் உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலைக்குள் நடப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முன்கூட்டித் தெரியாதவன் பயந்துவிடுவான். மேன்ரி தன் படகில் வேறு ஆட்கள் இருப்பதாகக் கண்டார். பலமுறை கடலில் விழுந்து, இடுப்புக் கயிற்றைப் பிடித்து ஏறினார். உலகத்தை முதன்முதலில் தனியாகச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் 1895ல் அசோர் தீவுகளைத் தாண்டி பிளம் பழமும் பாலாடைக்கட்டியும் தின்று வயிறு கெட்டுக் கிடந்தபோது, கொலம்பசின் 'பின்டா' கப்பல் மாலுமி தன் சுக்கானைப் பிடித்திருப்பதாகக் கண்டார். 1956ல் மடக்குக் கயாக்கில் 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்த ஹானஸ் லிண்டமன் ஒரு மருத்துவர். புறப்படுமுன் மாதக்கணக்கில், மந்திரம் ஜெபிப்பது போல, விட்டுவிடாதே, மேற்கே போ என்று தனக்குள் சொல்லிப் பழகினார். எனக்கு வந்தது ரொம்பச் சாதாரணம். சபாங் போகும் மூன்றாம் இரவு, பக்கத்து அறையில் யாரோ தமிழ்ச் செய்தி வாசிப்பது போல. ஒலி 96.8தான் என்று நிச்சயமாக நம்பினேன். படகில் பக்கத்து அறை ஏது? இதெல்லாம் பேயும் இல்லை பைத்தியமும் இல்லை, தூக்கக் கடன். குரல் கேட்க ஆரம்பித்தால் முடிவு எதுவும் எடுக்காதீர்கள். பாயைச் சுருக்கி, படகை நிறுத்திப்போட்டு, ஏஐஎஸ் அலாரத்தை நம்பி மூன்று மணி நேரம் தூங்குங்கள்.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு நீண்ட வாரயிறுதியில் உங்கள் வீவக வீட்டுச் சோபாவில் இரண்டு இரவு 20 நிமிட அலாரத்தில் தூங்குங்கள். எழும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய், கீழே கார் நிறுத்துமிடத்தில் எத்தனை வெள்ளைக் கார் என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் செய்தபோது இரண்டாம் இரவு மூன்று மணிக்கு எழுதிய எண்ணை எனக்கே படிக்கத் தெரியவில்லை. காலையில் டீயில் உப்புப் போட்டேன். "இதைப் பார்த்த பிறகும் உங்களைக் கடலுக்கு அனுப்பணுமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

வீட்டாரோடு இன்னொரு ஒப்பந்தமும் வேண்டும். சாட்டிலைட் கருவியில் தினமும் இருக்குமிடத்தை அனுப்புவீர்கள். அது வராமல் போனால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, யாரைக் கூப்பிடுவது என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் 36 மணி நேரம் என்று வைத்திருந்தோம். கருவி நனைந்து செத்ததற்காக ஒரு எண்ணெய்க் கப்பலை 200 மைல் திருப்ப வைத்தால் அந்தப் பாவம் நம் தலையில். உண்மையான ஆபத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைபரப்பி இருக்கிறது, இபிர்ப். அதை இடுப்பிலோ கைக்கெட்டும் இடத்திலோ வையுங்கள், பைக்குள் வைக்காதீர்கள்.

சாட்டிலைட் என்றதும் நாகப்பட்டினத்துக்கு வருகிறேன். இந்தியாவில் துராயா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளையே பிடித்திருக்கிறார்கள். தனியாக, மீன்பிடிப் படகு அளவில், சாட்டிலைட் கருவியோடு கடலிலிருந்து வந்து கரையேறும் ஆளைக் கடலோரக் காவல் என்ன நினைக்கும்? உங்கள் தமிழும் உங்கள் அப்பாவின் பிறப்புச் சான்றிதழும் அங்கே உதவாது. கருவியைக் கடலில் எறிந்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், உங்களைக் காப்பாற்றப்போவதே அதுதான். திருகோணமலை என்றும் ஆசைப்பட வேண்டாம், வாடைக்காலத்தில் அந்தக் கரை முழுக்கக் காற்று கரையை நோக்கித் தள்ளும். காலிதான் சரி, வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து பழகிய துறை.

காலியில் படகை ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறுங்கள். கொழும்பு வழியாகக் காங்கேசன்துறை வரை தண்டவாளம் போகிறது. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பா ஊரில் கடல்வழியாகவே இறங்கலாம், பாஸ்போர்ட்டில் முத்திரையோடு.

படகை வாங்கினால் பாய்மரத்தைச் சாய்த்துப் பார்க்கும் நாளில் சொல்லுங்கள், மறுமுனைக் கயிறு பிடிக்க வருகிறேன். பேட்டரியை மட்டும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.